போர்க் சொப்ஸைக் கறி மாதிரிச் சமைக்காதீர்கள்

நத்தார் காலத்தில் கொட்டாஞ்சேனை வீடுகளில் வேகும் பன்றி இறைச்சிக் கறியின் வாசம் தெருவுக்கே வரும். கொறுக்காய், வறுத்த தூள், மிளகு எல்லாம் போட்டு மூடி, மெல்லிய நெருப்பில் ஒரு மணித்தியாலம் விட்டுவிடுவார்கள். தோலும் கொழுப்பும் சேர்ந்த துண்டுக்கு அதுதான் சரி. ஆனால் சொப்ஸ் முதுகுப்பக்கத்து இறைச்சி. ஓரத்தில் ஒரு பட்டை கொழுப்பு, மற்றதெல்லாம் மெலிந்த சதை. வேகவேக இறுகுமே தவிர இளகாது. வேலை முடிந்து ஏழு மணிக்கு வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்து நான் கெடுத்த முதல் நாலைந்து சொப்ஸும் இந்தக் கறிப் பழக்கத்தால் கெட்டவைதான்.

சில தவறுகள் காலையிலேயே தொடங்கிவிடும். உறைந்த பொதியைக் குசினி மேடையில் வைத்துவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். கொழும்பு வெக்கையில் நடுப்பகுதி இளகுமுன்பே வெளிப்பக்கத்தில் கிருமி பெருகத் தொடங்கும். முதல் நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். மறந்தால், தண்ணீர் புகாத பையில் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தி, அரை மணிக்கொரு தரம் தண்ணீரை மாற்றுங்கள்.

அப்புறம் தூள். மிளகாய்த்தூளும் கறித்தூளும் பூசிய துண்டைச் சூடான தாச்சியில் போட்டால், இறைச்சி வேகுமுன் தூள் கருகிக் கசக்கும். உப்பும் மிளகும் மட்டும் போதும். உப்பை முக்கால் மணித்தியாலம் முன்னதாகப் போடுங்கள், அல்லது தாச்சியில் வைக்கும்போது போடுங்கள். இடைப்பட்ட நேரத்தில் போட்டால் சாறு வெளியே வந்து மேற்பரப்பு ஈரமாகவே நிற்கும். எப்படியானாலும் கடைசியில் ஈரத்தைத் துடைத்து எடுங்கள். ஈரம் இருக்கும்வரை மேற்பரப்பு 100 பாகையைத் தாண்டாது, பொன்னிறமும் வராது. ஓரக் கொழுப்பில் இரண்டு மூன்று இடத்தில் கீறிவிட்டால் துண்டு சுருண்டு கிண்ணம் மாதிரி ஆகாது. உறைப்பு வேண்டுமென்றால், துண்டை எடுத்த பிறகு அந்தக் கொழுப்பிலேயே உள்ளியும் இடித்த செத்தல் மிளகாயும் வதக்கி மேலே ஊற்றுங்கள்.

எத்தனை நேரம் வேகவிடுவது என்பதில்தான் பயம் புகுந்துகொள்ளும். பன்றி இறைச்சியில் புழு இருக்கும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பயம் நியாயம்தான், ஆனால் அதற்காகக் கட்டை மாதிரி ஆக்கத் தேவையில்லை. முழுத்துண்டுப் பன்றி இறைச்சியின் நடுப்பகுதி எட்ட வேண்டிய வெப்ப அளவை அமெரிக்க விவசாயத் திணைக்களம் 2011இல் 71 பாகை செல்சியஸிலிருந்து 63க்கு இறக்கியது. அடுப்பிலிருந்து எடுத்த பின் மூன்று நிமிடம் ஆறவிட வேண்டும் என்பதும் அதிலேயே சேர்ந்த விதி. கொத்திய இறைச்சிக்கு இன்னும் 71தான். ஓர் அங்குலத் தடிப்புள்ள துண்டுக்குப் பக்கத்துக்கு நாலைந்து நிமிடம் பிடிக்கும். வெப்பமானியைப் பக்கவாட்டில், எலும்பில் படாமல் குத்திப் பாருங்கள். நான் வாங்கிய சமையல் சாமான்களில் காசுக்குப் பழுதில்லாதது அதுதான்.

சொப்ஸோடு வைத்துச் சாப்பிட, நுவரெலியாவிலிருந்து வரும் புரொக்கோலி நல்லது; அதற்கும் கறிப் பழக்கம்தான் எமன். தேங்காய்ப் பாலில் மூடிவைத்து அவித்தால் பச்சை போய்ச் சாம்பல் நிறமாகி, குசினி முழுக்கக் கந்தக வாடை அடிக்கும். தேசிக்காய்ப் புளியை முதலிலேயே விட்டாலும் அதே நிறம்தான், ஏனென்றால் அமிலம் பச்சையத்தைக் குலைக்கும். புளியைக் கடைசியில் விடுங்கள். பூவுக்குள் புழு ஒளிந்திருக்கக்கூடும் என்பதால் உப்புத் தண்ணீரில் ஊறவைப்பது நல்லது, ஆனால் நன்றாக வடியவிடுங்கள். தண்டை எறியாதீர்கள். தோலைச் சீவி மெல்லியதாக அரிந்தால் பூவைவிட இனிக்கும்.

சொப்ஸ் ஆறும் நேரத்தில் அதே தாச்சியில் தண்டை முதலில் போட்டு, பிறகு பூவைப் போட்டு, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து மூன்று நாலு நிமிடம் பிரட்டினால் போதும். மிஞ்சிய சொப்ஸை மறுநாள் மைக்ரோவேவில் சூடாக்கினால் மறுபடி இறுகிவிடும். குளிராகவே மெல்லியதாக அரிந்து, ஃபிரைட் ரைஸ் இறக்கும் நேரத்தில் போட்டு ஆவி பறக்கும்வரை பிரட்டுங்கள்.