பழைய டாடா 407 லோடு வண்டிக்கு வீட்டிலேயே துரு தடுப்புப் பெயின்ட் அடிக்க

மழைக்காலம் முடிந்ததும் வண்டியைக் கழுவி, கழுவின ஈரம் காய்வதற்குள் ஒரு டப்பா கறுப்புப் பெயின்ட் வாங்கி சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) முழுக்க இழுத்துவிடுவது நம் பக்கம் ரொம்பப் பேர் செய்கிற வேலை. பார்க்கப் புதுசு போல இருக்கும். அடுத்த ஐப்பசி மழை முடிவதற்குள் அது ஏடு ஏடாக உரிந்து வரும், அடியில் இருக்கும் இரும்பு முன்னைவிட மோசமாகியிருக்கும். பெயின்ட் கம்பெனியைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. துருவுக்குள் ஈரம் இருக்கும்போதே மேலே மூடிவிட்டால் துரு உள்ளுக்குள் வளர்ந்துகொண்டேதான் போகும். அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் பெயின்டை உள்ளிருந்தே தள்ளிக் கிளப்பிவிடும். ஆகவே என்ன பிராண்ட், எத்தனை கோட் என்று கேட்பதற்கு முன்னால், ஈரத்தை எப்படி வெளியேற்றுவது, மறுபடி உள்ளே தேங்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்றுதான் யோசிக்க வேண்டும்.

சேலத்துக்குள்ளேயே ஓடும் வண்டியும் ஏற்காட்டுக்கு ஏறி இறங்கும் வண்டியும் ஒரே மாதிரி துருப்பிடிப்பதில்லை. மேலே சுமார் 1,500 மீட்டர் உயரம், பனிமூட்டம், இரண்டு பருவத்திலும் மழை. ராத்திரி நிறுத்தின வண்டி காலையில் மழையே பெய்யாமல் நனைந்து நிற்கும். அதோடு எஸ்டேட்டுக்கு உரம் ஏற்றுகிற வண்டி என்றால் பொட்டாஷ் மூட்டையைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள். மூரியேட் ஆஃப் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு, கடல் உப்புக்கு உறவுக்காரன். மூட்டையிலிருந்து சிந்தின தூள் லோடு பாடியின் பலகை இடுக்கு வழியாக இறங்கி கிராஸ் மெம்பர் என்கிற குறுக்குச் சட்டத்தின் மேல் உட்கார்ந்து, காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கடலே பார்க்காத சேர்வராயன் மலையில் சேசிஸ் அரித்துப்போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வேலைக்கு நல்ல நேரம் பிப்ரவரி, மார்ச். காப்பி அறுவடை லோடு ஓய்ந்திருக்கும், கோடை மழையும் தொடங்கியிருக்காது. வண்டி மலையில் இருந்தால் இந்த வேலைக்காகவே கீழே சேலத்துக்கு இறக்கி, நிழலான ஒரு இடத்தில் சில நாள் நிறுத்துவது நல்லது. ஏப்ரல், மே வெயிலில் தகடு கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும்போது அடிக்காதீர்கள். மேல்தோல் சட்டென்று காய்ந்து, உள்ளே மாட்டின தின்னர் கொப்புளமாகக் கிளம்பும். காலையில் வெயில் ஏறி பனி ஈரம் போன பிறகு, சூடு ஏறுவதற்கு முன்னால் இருக்கும் அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான் சரி. சந்தேகம் இருந்தால் ஈரத் துணியால் தகட்டில் ஒரு கோடு இழுங்கள். கால் மணி நேரத்துக்குள் அந்தத் தடம் மறைந்தால் அடிக்கலாம், மறையவில்லை என்றால் காத்திருங்கள்.

பெயின்ட் வாங்கப் போவதற்கு முன்னால் ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் படுக்கக் கூடாது. கனமான ஸ்டாண்ட் அல்லது கெட்டியான மரக்கட்டை வைத்து, சக்கரத்துக்கு முட்டு கொடுத்துவிட்டுத்தான். சேசிஸ் முழுக்க லேசாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அரித்த இரும்பு மொத்தென்று கேட்கும். ஸ்பிரிங் ஹேங்கர் பிடிக்கும் இடம், கேபின் மவுண்ட், இரண்டு தகடு ஒன்றின் மேல் ஒன்று படியும் இடம், பேட்டரி தட்டு, படிக்கட்டு, கதவின் அடி விளிம்பு, கேபின் தரையில் விரிப்புக்கு அடி, இவைதான் முதலில் போகும். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போகிறது, அல்லது சேசிஸில் விரிசல் தெரிகிறது என்றால் அது பெயின்ட் வேலை இல்லை. நல்ல வெல்டரிடம் கொண்டுபோய் பழுதான பாகத்தை வெட்டி மாற்றிவிட்டு அப்புறம் வாருங்கள். ஓட்டையைப் பட்டி வைத்து மூடி மேலே கறுப்பு அடித்த வண்டி லோடோடு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்குவதை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது.

அடுத்தது கழுவுவது. சோப்புத் தண்ணீர் போட்டு, மண், கிரீஸ், உரத்தூள் எல்லாம் போகும்வரை, குறிப்பாக சேசிஸின் உள்பக்கம். கழுவின அன்றைக்கே பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள். இடுக்கில் இருக்கும் தண்ணீர் தானாகப் போக ஒரு முழு நாளாவது வேண்டும், பஞ்சர் கடை காற்றுக் குழாய் கிடைத்தால் ஊதிவிட்டு விடுங்கள். கதவு அடியிலும் படிக்கட்டு அடியிலும் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கும், பெரும்பாலும் மண் அடைத்தோ பழைய பெயின்ட் அடைத்தோ கிடக்கும். ஒரு கம்பியை விட்டு அத்தனையையும் திறந்துவிடுங்கள். பாதித் துரு இந்த அடைப்பால்தான் வருகிறது.

இனி சுரண்டல். மொத்த வேலையில் முக்கால்வாசி இதுதான், அலுப்பாகத்தான் இருக்கும், ஆனால் இங்கே மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் பின்னால் பெயின்டாக உரிந்து விழும். ஏடாக எழும்பின துருவை முதலில் சுத்தியலாலும் உளியாலும் தட்டி உதிர்த்துவிட்டு, ஆங்கிள் கிரைண்டரில் கப் வயர் பிரஷ் மாட்டித் தேய்க்கலாம். கண்ணாடி, மாஸ்க், கையுறை மூன்றும் கட்டாயம், ஏனென்றால் அந்தப் பிரஷ்ஷிலிருந்து பறக்கும் கம்பி கண்ணில் ஏறினால் ஆஸ்பத்திரிதான். பழைய பிரைமரில் (அடிப்பூச்சில்) குரோமேட்டோ ஈயமோ இருக்கலாம், அந்தத் தூசி நெஞ்சுக்குள் போகக் கூடாது. வயர் பிரஷ் துருவை மெருகேற்றிப் பளபளவென்று காட்டும், அதைச் சுத்தமான இரும்பு என்று நினைத்து ஏமாறாதீர்கள். கடைசியில் 80 நம்பர் எமரித் தாள் போட்டு இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்துவிடுங்கள், பெயின்ட் பிடிக்கிற கீறலும் அதில்தான் கிடைக்கும். நல்ல பழைய பெயின்ட் இருக்கும் ஓரங்களை 120 வைத்துச் சரிவாக இழைத்தால் போதும்.

பிறகு தின்னரில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்து, ஆறுவதற்குள் இன்னொரு காய்ந்த துணியால் துடைத்து எடுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், அது எண்ணெய்ப் பிசுக்கை விட்டுவிட்டுப் போகும்.

எவ்வளவு தேய்த்தாலும் குழிக்குள்ளும் மூலையிலும் கொஞ்சம் துரு ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். ரஸ்ட் கன்வெர்ட்டர் அதற்குத்தான். அதில் பாஸ்பாரிக் அமிலமோ டேனிக் அமிலமோ இருக்கும், இரும்போடு ஒட்டின மெல்லிய துருவை அது கறுப்பாக மாற்றிக் கட்டிவிடும். எழும்பி நிற்கும் ஏட்டுத் துரு மேல் தடவினால் மேல்பக்கம் மட்டும் கறுத்து அடியில் அப்படியே இருக்கும். பளபளப்பான வெற்று இரும்புக்கு அது தேவையும் இல்லை. சிலதை வேலை முடிந்ததும் கழுவ வேண்டும், சிலதைக் கழுவக் கூடாது, அதனால் டப்பாவில் போட்டிருப்பதைப் படித்துவிட்டே தொடுங்கள். அமிலம் மிச்சம் இருக்கும் இடத்தில் எபாக்ஸி பிரைமர் ஒழுங்காகப் பிடிக்காது.

பிரைமருக்கு இரண்டு வழி. பிரஷ்ஷில் அடிக்கிற எளிய வேலைக்கு ரெட் ஆக்ஸைடு, அதிலும் வெறும் சாதா ரகம் இல்லை, ஜிங்க் பாஸ்பேட் கலந்தது என்று கேட்டு வாங்குங்கள். ஜிங்க் குரோமேட் ரகமும் துருவைத் தடுப்பதில் நல்லதுதான், ஆனால் குரோமேட் உடம்புக்கு ஆகாது என்பதால் வீட்டு வாசலில், குழந்தைகள் ஓடுகிற இடத்தில் நான் பரிந்துரைக்க மாட்டேன். உரம், சாணம், ஈரக் காய்கறி என்று ஏற்றுகிற லோடு பாடிக்கு எபாக்ஸி பிரைமர் போடுங்கள், காசு கூடத்தான், ஆனால் தாங்கும். இரண்டு டப்பாவாக வரும். இரண்டாவது டப்பாவில் இருக்கும் ஹார்டுனரை (இறுக வைக்கும் திரவம்) கண் அளவில் ஊற்றாமல் சொன்ன விகிதத்தில் அளந்து கலக்க வேண்டும், கலந்தது சில மணி நேரத்தில் கெட்டியாகிவிடும் என்பதால் அன்றைக்கு அடிக்கப்போவதை மட்டும் கலந்தால் போதும். ரெட் ஆக்ஸைடு மேல் பியூ (பாலியூரித்தேன்) பெயின்டோ என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்டோ அடித்தால் அந்தத் தின்னர் கீழே இருப்பதைச் சுருக்கி எழுப்பிவிடும், அதற்கு மேல் சாதா சிந்தெடிக் எனாமல்தான் ஒத்துப்போகும். எபாக்ஸி வெயிலில் வெளுத்து மாவாகும், அதனால் வெளியே தெரியும் இடங்களில் அதற்கும் ஒரு மேல்பூச்சு வேண்டும்.

முதலில் போல்ட் தலை, வெல்டிங் தடம், தகட்டு விளிம்பு இவற்றுக்கு மட்டும் பிரஷ்ஷால் ஒரு தடவை அடித்துவிட்டு, பிறகு முழுசாக அடியுங்கள். கூர் விளிம்பில் பெயின்ட் வழிந்து மெலிசாகிவிடும், துரு அங்கேதான் தொடங்கும். மெலிசாக இரண்டு கோட் பிரைமர், நன்றாகக் காய்ந்தபின் இரண்டு கோட் எனாமல். பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் கூடாது.

அடிக்கக் கூடாத இடங்களும் உண்டு: சைலன்சர், பிரேக் டிரம், ரப்பர் ஹோஸ், கிரீஸ் நிப்பிள், யுனிவர்சல் ஜாயின்ட், பட்டை ஸ்பிரிங் இடுக்கு. சேசிஸ் நம்பர் பொறித்த இடத்தை டேப் ஒட்டிக் காப்பாற்றுங்கள். எஃப்சி-க்கு (தகுதிச் சான்றுக்கு) போகும்போது எண் மேல் தாள் வைத்துத் தேய்த்து பென்சில் பிரிண்ட் எடுப்பது அதிலிருந்துதான், கெட்டியாகப் பெயின்ட் அடைத்தால் எண் விழாது. அதன் மேல் லேசாக கிரீஸ் தடவினால் போதும்.

தார் மாதிரி கெட்டியான அண்டர் கோட்டிங்கை பழைய சேசிஸ் மேல் நான் சொல்லவே மாட்டேன். ஒரு இடத்தில் விரிசல் விட்டால் தண்ணீர் அதற்குள் நுழைந்து வெளியே வர வழியில்லாமல் நிற்கும், வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. பழைய எஞ்சின் ஆயில் அடிக்கிற வழக்கத்தையும் விட்டுவிடுங்கள், ரப்பர் புஷ் ஊறிப்போகும், புழுதி அப்பும், மழையில் கழன்று மண்ணுக்கும் கிணற்றுக்கும் போகும். பிரஷ் போகாத பெட்டிப் பகுதிகளுக்கு உள்ளே அடிக்கிற மெழுகான கேவிட்டி வேக்ஸ் ஸ்பிரே நீளக் குழாயோடு கிடைக்கிறது, பெயின்ட் காய்ந்த பிறகு அதை அடித்துவிட்டு, வடியும் ஓட்டை அடைபடாமல் இருக்கிறதா என்று கம்பி விட்டு மறுபடி பாருங்கள்.

எனாமல் தொட்டால் காய்ந்தது போல இருந்தாலும் உள்ளே இறுக ஒரு வாரம் எடுக்கும், அதுவரை லோடும் வேண்டாம், பிரஷர் வாஷும் வேண்டாம். அப்புறம் உர லோடு இறக்கின அன்றைக்கே நல்ல தண்ணீரால் பாடியையும் சேசிஸையும் கழுவிவிடுங்கள், மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். மழைக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்த்து, கல் பட்டுப் பெயர்ந்த இடம் இருந்தால் அங்கே மட்டும் எமரி, பிரைமர், எனாமல் வைத்துவிடுங்கள். மிச்ச டப்பாவை இறுக மூடி அதற்காகவே எடுத்து வையுங்கள்.