மாவிளக்கு விரிசல் விடாமல் போடுவது எப்படி?

புரட்டாசி சனிக்கிழமை பெருமாளுக்கும், ஆடி, தை வெள்ளிகளில் அம்மனுக்கும் போடும் மாவிளக்குக்குப் பச்சரிசி, வெல்லம், நெய் ஆகிய மூன்றே போதும். அடுப்பில் ஏற்றும் வேலை இல்லை, தண்ணீர் விட்டுப் பிசைவதும் கிடையாது. ஆனாலும் ஏற்றிய சற்று நேரத்தில் ஓரம் வெடித்து நெய் ஒழுகுகிறது, அல்லது விளக்கு தளர்ந்து சப்பையாக உட்கார்ந்துவிடுகிறது. பெரும்பாலும் இந்த இரண்டுக்குமே காரணம் மாவில் இருக்கும் ஈரம்தான். முதலாவதில் ஈரம் குறைவு, இரண்டாவதில் அதிகம்.

சாத்துக்குடி அளவில் இரண்டு விளக்குக்கு 200 கிராம் பச்சரிசி, 100 முதல் 125 கிராம் பொடித்த வெல்லம், பிசைய ஒரு மேசைக்கரண்டி நெய், ஏற்றுவதற்குத் தனியாக இரண்டு மூன்று மேசைக்கரண்டி நெய், இரண்டு ஏலக்காய் வேண்டும். அரிசி மாவு அரைக்கிற சாதாரணப் பச்சரிசியாக இருக்கட்டும். நாமம் போட்ட சொம்போடு கோவிந்தா சொல்லி நாலு வீட்டில் அரிசி வாங்கி மாவிளக்குப் போடும் வழக்கமுள்ளவர்கள், வந்த அரிசியில் புழுங்கல் கலந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புழுங்கலரிசி அரை மணி நேரத்தில் ஊறாது, மாவு நறநறவென்று நின்றுவிடும். அதைச் சமையலுக்கு வைத்துக்கொண்டு, வாங்கிய பச்சரிசியில் ஒரு பிடியை வீட்டு அரிசியோடு சேர்த்தால் போதும்.

அரிசியை இரண்டு மூன்று முறை களைந்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். தண்ணீரை ஒட்ட வடித்து, சுத்தமான பருத்தித் துணியில் நிழலில் பரப்புங்கள். ஃபேன் காற்று வேண்டாம், மேல் அரிசி காய்ந்து அடி அரிசி ஈரமாகவே கிடக்கும். கால் மணி நேரம் கழித்து ஒரு பிடி அள்ளிக் கையை இறுக்கி மூடித் திறந்து பாருங்கள். நாலைந்து அரிசி உள்ளங்கையில் ஒட்டி நிற்கவேண்டும், கையில் தண்ணீர் படியக்கூடாது. அதுதான் பதம். ஒன்றுமே ஒட்டாமல் உதிர்ந்தால் அதிகம் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். லேசாகத் தண்ணீர் தெளித்து மூடிப் பத்து நிமிஷம் வையுங்கள்.

மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, விட்டு விட்டு ஓட்டுங்கள். ஒரேயடியாக ஓட்டினால் ஜார் சூடேறி மாவின் ஈரம் போய்விடும். சலித்து, மேலே நிற்கும் ரவையைத் திரும்ப அரையுங்கள். கடைசியில் எஞ்சும் ஒரு ஸ்பூன் ரவையை விளக்கில் சேர்க்காதீர்கள், விரிசல் அங்கேதான் தொடங்கும். சலித்த மாவைப் பிடித்தால் கொழுக்கட்டை போல நிற்கவேண்டும், விரலால் தட்டினால் உதிரவேண்டும். கடையில் விற்கும் இடியாப்ப மாவு இதற்கு ஆகாது. அது வறுத்து உலர்த்தியது, வெல்லத்தோடு சேராமல் மணல் மாதிரி நிற்கும். வேறு வழியில்லை என்றால் பால் தெளித்துப் பிசையலாம், ருசி மட்டும் அந்த அளவுக்கு வராது.

வெல்லத்தைக் கட்டியில்லாமல் பொடித்து, ஏலக்காய்ப் பொடியோடு மாவில் போட்டுக் கையால் அழுத்திப் பிசையுங்கள். முதலில் உதிரியாகத்தான் இருக்கும். உடனே தண்ணீரை எடுக்கவேண்டாம். மாவின் ஈரத்தில் வெல்லம் இளகி, ஐந்து நிமிஷத்தில் தானாகச் சேர்ந்துகொள்ளும். உரல் இருந்தால் மாவையும் வெல்லத்தையும் சேர்த்து இடிப்பதே உத்தமம், வெல்லம் ஒரே சீராகப் பரவும். நெய்யைக் கடைசியில் விடுங்கள். முதலிலேயே விட்டால் நெய் மாவைப் பூசிக்கொண்டு வெல்லத்தை ஒட்டவிடாது. இவ்வளவுக்குப் பிறகும் சேரவில்லையென்றால் பாலைக் கை நுனியில் தொட்டுத் தெளியுங்கள், அரை ஸ்பூனுக்கு மேல் தேவைப்படாது. மாறாகப் பிசுபிசுவென்று ஆகிவிட்டால், அதற்காகவே ஒரு பிடி மாவைத் தனியே எடுத்துவைத்திருப்பது நல்லது. கருப்பான புது வெல்லத்தில் தண்ணீர் அதிகம் இருக்கும் என்பதால் அதை 100 கிராமோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மாவை இரண்டாகப் பிரித்து, வெடிப்பில்லாமல் உருட்டி, அடியைத் தட்டில் லேசாக அழுத்தி நிறுத்துங்கள். நடுவில் கட்டைவிரலால் முக்கால் அங்குலம் ஆழத்துக்குக் குழி செய்து, சுவர் எல்லாப் பக்கமும் அரை அங்குலத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விரலில் நெய் தொட்டுக் குழியின் உள்பக்கம் முழுக்க வழவழப்பாகத் தடவுங்கள். இதைச் செய்யாவிட்டால் ஊற்றும் நெய்யை மாவு குடித்துவிடும், திரி வெறும் கரியாக எரியும். சந்தனம், குங்குமம் வைத்து, வாழையிலை போட்ட தட்டில் கிழக்குப் பார்த்து வையுங்கள். பெருமாளுக்கு என்றால் சந்தனத்தில் நாமம் இட்டுத் துளசி சாத்துவது வழக்கம். ஒற்றை விளக்கா இரட்டையா என்பது வீட்டுக்கு வீடு மாறும். பெரியவர்கள் செய்துவந்தபடி செய்யுங்கள்.

அடி அகன்று நுனி கூம்பிய பூத்திரிதான் குழிக்குள் சாயாமல் நிற்கும். அதை முன்கூட்டியே நெய்யில் ஊறவைத்துவிடுங்கள். குழியில் உருக்கிய நெய்க்குப் பதிலாக உறைந்த நெய்யை வைப்பது நல்லது. சுடருக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாக இளகும், மாவில் ஊறாது. கோயிலுக்குக் கொண்டுபோகவும் அதுவே வசதி. சமயபுரம் போகிறவர்கள் விளக்கை வீட்டிலேயே பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் குலுக்கலில் சுவர் விரியும். மாவை உருண்டையாக மூடிபோட்ட டப்பாவில் எடுத்துப்போய் அங்கே குழி செய்யுங்கள். காற்றடிக்கும் பிரகாரத்தில் கோயிலார் ஒதுக்கிய இடத்தில் மட்டும் ஏற்றுங்கள், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

உடம்பு நோவுக்கு வேண்டிக்கொண்டு வயிற்றிலோ நெற்றியிலோ மாவிளக்கு வைத்து எடுப்பவர்கள், நாலாக மடித்த ஈரத்துணி, அதன்மேல் இலை, அதன்மேல் தட்டு என்ற வரிசையில் வையுங்கள். தட்டை ஒருவர் விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டும். குழந்தைகளுக்கு இப்படி வைக்கவேண்டாம், தட்டைக் கையில் ஏந்தி மூன்று முறை சுற்றி எடுத்தால் போதும்.

எரியும்போது இடையில் நெய் விடலாம், ஆனால் சுடர் மேல் விடாமல் ஓரமாக விடுங்கள். நைவேத்தியத்துக்குத் தேங்காய், பழம், வெற்றிலைப் பாக்கு. விளக்கை ஊதி அணைக்கக்கூடாது, தானாக மலையேறட்டும். திரி கருகி, சுற்றிலும் வெல்லம் பொங்கிக் கருக்கத் தொடங்கினால் மட்டும் ஒரு பூவால் ஒற்றிக் குளிரவைக்கலாம்.

ஆறியதும் திரியையும் கருகிய பகுதியையும் எடுத்துவிட்டு, பூஜைத் தேங்காயைப் பொடியாக நறுக்கி மீதி மாவோடு பிசறினால் பிரசாதம் தயார். வேகாத ஈரமாவு என்பதால் வெளியில் வைத்தால் மறுநாளே புளிக்கும், தேங்காய் சேர்த்தால் அதற்கும் முன்பே. அன்றே தீர்ந்துவிடுகிற அளவுக்கு மட்டும் அரிசி ஊறவையுங்கள். கூடுதலாகிவிட்டால் தேங்காய் சேர்க்காத மாவை ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் கோதுமை மாவும் வாழைப்பழமும் சேர்த்துக் கரைத்து அப்பம் சுட்டுவிடலாம்.