சொந்தச் சிறு விமானத்தைப் பராமரித்தலும் மாற்றியமைத்தலும்: பழைய செஸ்னா 172 வைத்திருப்போருக்கான வழிகாட்டி

அமெரிக்காவில் தனியார் கையிலிருக்கும் சிறு விமானங்களில் அதிகம் கண்ணில் படுவது செஸ்னா 172 தான். 1955இல் முதன்முதலாகப் பறந்த இந்த நான்கு இருக்கை விமானம் இதுவரை 44,000க்கும் மேல் தயாரிக்கப்பட்டிருக்கிறது. 1986இல் உற்பத்தி நின்று பத்து ஆண்டுகள் கழித்துத்தான் மீண்டும் தொடங்கியது. ஆகவே, கட்டுப்படியாகும் விலைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் 1960களிலும் 70களிலும் செய்யப்பட்டவை. என்னிடம் இருப்பது 1975ஆம் ஆண்டின் 172எம். அதில் 150 குதிரைத்திறன் கொண்ட லைகமிங் ஓ-320 எஞ்சின் இருக்கிறது. கீழே எழுதியிருப்பவை அந்த மாடலையும் அமெரிக்க விதிகளையும் ஒட்டியவை. மற்ற நாடுகளில் விதிகள் வேறாக இருக்கும்.

விமானம் வாங்கும் பலர் தவறாக எண்ணியிருக்கும் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். விமானம் பறக்கும் தகுதியோடு இருக்கிறதா என்பதற்கு முதற்பொறுப்பு மெக்கானிக்குடையது அன்று, உரிமையாளருடையது. கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ வகுத்துள்ள விதிகளின் 91.403ஆம் பிரிவு இதை நேரடியாகவே சொல்கிறது. மெக்கானிக் தான் செய்த வேலைக்குக் கையெழுத்திடுகிறார். எந்த வேலையை எப்போது செய்ய வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்வது நம் கடமை.

எது நம் கை வேலை, எது அன்று

43ஆம் பகுதி விதிகளின் பின்னிணைப்பு 'ஏ'யில் தடுப்புப் பராமரிப்பு என்ற தலைப்பில் ஒரு பட்டியல் இருக்கிறது. தனியார் விமானி உரிமமோ அதற்கு மேற்பட்ட உரிமமோ உள்ளவர், தம்முடைய விமானம் வணிகப் போக்குவரத்தில் இல்லாத வரையில், அப்பட்டியலில் உள்ள வேலைகளைத் தாமே செய்து, விமானம் பறக்கலாம் என்று தாமே கையெழுத்திடலாம். ஆயில் மாற்றுதல், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்து இடைவெளி சரிபார்த்தல், டயர் மாற்றுதல், சக்கர பேரிங்குகளுக்கு கிரீஸ் இடுதல், பேட்டரி மாற்றுதல், விளக்கு பல்பு மாற்றுதல், பக்கவாட்டுக் கண்ணாடி மாற்றுதல், இருக்கை உறை மாற்றுதல் ஆகியவை அதில் அடங்கும்.

ப்ரொப்பெல்லர் விளிம்பில் கல் பட்டு விழுந்த சிறு வெட்டை அரம் போட்டுச் சீராக்குவது பார்ப்பதற்கு எளிய வேலைதான். ஆனால் அது பட்டியலில் இல்லை. அந்த வெட்டிலிருந்து விரிசல் தொடங்கினால் பறக்கும்போது அலகின் நுனியே பிய்ந்து போகக்கூடும் என்பதால், அதை உரிமம் பெற்ற மெக்கானிக்கிடம் விட்டுவிட வேண்டும். பிளக்குகளுக்கு மின்பொறி தரும் மேக்னெட்டோவின் டைமிங், சிலிண்டர், கட்டுப்பாட்டுக் கேபிள்கள், உடல் தகட்டில் ஒட்டுப் போடுதல் எல்லாம் அவருடைய வேலைகளே. இவற்றையும் அவருடைய நேரடி மேற்பார்வையில் நாம் செய்ய விதியில் இடமுண்டு. ஆனால் 12 மாதத்துக்கு ஒருமுறை கட்டாயமான ஆண்டுச் சோதனையை, ஐஏ எனப்படும் சோதனை அதிகாரம் பெற்ற மெக்கானிக்கே தம் கண்ணால் பார்த்துச் செய்ய வேண்டும். எஞ்சின் மூடியான கவுலிங்கையும் தரைப் பலகைகளையும் சோதனைத் துவார மூடிகளையும் நாமே கழற்றிக் கொடுத்து, சோதனை முடிந்தபின் நாமே பூட்டினால் கூலி மிச்சமாகும். அதைவிடப் பெரிய லாபம், மூடியைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரிந்திருப்பது.

எவ்வளவு சிறிய வேலையானாலும் பராமரிப்புப் பதிவேடான லாக்புக்கில் எழுதியாக வேண்டும். என்ன செய்தோம் என்ற விவரம், முடித்த தேதி, கையொப்பம், உரிம எண், உரிமத்தின் வகை ஆகியவை கட்டாயம். எஞ்சின் ஓடிய மொத்த மணியையும் சேர்த்து எழுதிவிடுங்கள். எழுதாத வேலை சட்டத்தின் பார்வையில் செய்யாத வேலைதான்.

ஆயில் மாற்றுதல்

ஆயில் முழுவதும் பாய்ந்து வடிகட்டப்படும் முழு ஓட்ட ஃபில்டர் பொருத்திய எஞ்சினுக்கு 50 மணிக்கு ஒருமுறையும், வெறும் சல்லடை மட்டும் உள்ளதற்கு 25 மணிக்கு ஒருமுறையும், எப்படியிருந்தாலும் நான்கு மாதம் தாண்டாமலும் ஆயில் மாற்ற வேண்டும் என்பது லைகமிங் நிறுவனத்தின் அறிவுரை. நம்மில் பலர் நான்கு மாதத்தில் 50 மணி பறப்பதில்லை. எனவே மணியைவிட நாட்காட்டியைத்தான் கவனிக்க வேண்டும்.

ஒரு சுற்றுப் பறந்து வந்தபின், எஞ்சின் சூடாக இருக்கும்போதே வடியுங்கள். கலங்கிய நிலையில் உள்ள அழுக்கும் ஆயிலோடு சேர்ந்து வெளியேறும். சாவியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, ஆனாலும் ப்ரொப்பெல்லர் எந்த நொடியிலும் சுற்றலாம் என்றே எண்ணி நடந்துகொள்ளுங்கள். மேக்னெட்டோவை விமானத்தின் உலோக உடலோடு இணைத்து அணைக்கும் ஒற்றை ஒயர் அறுந்திருந்தால், சாவி 'ஆஃப்' நிலையில் இருந்தாலும் கையால் சுற்றும்போது எஞ்சின் உயிர்பெறும். பாதி வடிந்ததும் நடு ஓட்டத்திலிருந்து ஒரு சிறு புட்டி பிடித்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பலாம். ஒரு முறை வரும் எண்கள் அதிகம் சொல்லா. வரிசையாக ஆறேழு முறை வந்தபின் இரும்பு, செம்பு அளவுகளில் எது திடீரென்று ஏறுகிறது என்று பார்ப்பதில்தான் பயன் இருக்கிறது.

ஃபில்டர் தளராதபடி கட்டியிருக்கும் சேஃப்டி வயரை வெட்டிக் கழற்றியதும், அதன் ரப்பர் கேஸ்கெட் ஃபில்டரோடு வந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள். முதல் ஆண்டில் ஒருமுறை அது எஞ்சின் பக்கமே ஒட்டிக்கொண்டதை நான் கவனிக்கவில்லை. அதன்மேல் புது ஃபில்டரைப் பூட்டி எஞ்சினை ஓட்டியபோது, இரண்டு கேஸ்கெட்டுகளுக்கும் நடுவிலிருந்து ஆயில் பீச்சி, முன்சக்கரம் முழுவதும் நனைந்துவிட்டது. தரையில் நிறுத்தி ஓட்டிப் பார்த்ததால் பிழைத்தேன். புது கேஸ்கெட்டின்மேல் சிலிக்கோன் கிரீஸை மெல்லியதாகத் தடவிப் பொருத்தி, ஃபில்டர் உறையிலேயே அச்சிட்டிருக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள். பரவலாகப் பயன்படும் சாம்பியன் ஃபில்டர்களுக்கு அது 16 முதல் 18 அடி-பவுண்டு. பிறகு 0.032 அங்குலச் சேஃப்டி வயரைத் திருகி, ஃபில்டர் தளர முயன்றால் வயர் அதை இறுக்கும் திசையில் இழுக்கும்படி கட்டுங்கள்.

பழைய ஃபில்டரை வெட்டிப் பார்க்காமல் எறிந்துவிட்டால் பாதி வேலையைத்தான் செய்தவராவீர்கள். அதற்கென்று டப்பா திறக்கும் கருவியைப் போன்ற ஒரு வெட்டி கிடைக்கிறது. ஹேக்சா பயன்படுத்தாதீர்கள், அதன் தூளே உள்ளே விழுந்து நம்மைக் குழப்பும். மடிப்பு மடிப்பாக இருக்கும் காகிதத்தை வெட்டியெடுத்து, பிழிந்து, வெள்ளைத் துணியின்மேல் விரித்து, வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். கரித்தூள் கறுப்பாக மினுக்கமின்றி இருக்கும், அது இயல்பானது. மினுங்குவது எதுவும் உலோகம். துணி மூடிய காந்தத்தை மேலே ஓட்டினால் ஒட்டுவது இரும்பு. அது வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட், டேப்பெட், சிலிண்டர் சுவர் ஆகியவற்றில் ஒன்றிலிருந்து வந்திருக்கலாம். ஒட்டாமல் வெள்ளையாக மினுங்கினால் அலுமினியம். பிஸ்டனையும் பிஸ்டன் பின்னின் அடைப்பையும் சந்தேகிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அந்தக் காகிதத்தில் ஒரு துண்டைத் தேதியிட்டு உறையில் போட்டு வைக்கிறேன். இன்று காண்பது கூடுதலா, வழக்கமானதா என்பதை ஒப்பிட வேறு வழியில்லை.

லைகமிங் எஞ்சினில் கேம் ஷாஃப்ட் கிரேங்க் கேஸின் மேற்புறத்தில் இருக்கிறது. எஞ்சின் நின்றதும் ஆயில் கீழே வடிந்துவிடுவதால், வாரக்கணக்கில் பறக்காத விமானத்தில் அதில் துரு பிடிக்கிறது. தரையில் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துவது இதற்கு மருந்தாகாது. ஆயில் போதுமான அளவு சூடேறாததால் உள்ளே உண்டாகும் ஈரம் ஆவியாக வெளியேறாமல் அங்கேயே தங்கி, நிலைமை இன்னும் மோசமாகும். வாரம் ஒருமுறை அரைமணி நேரத்துக்குக் குறையாமல் பறந்துவிட்டு வருவதற்கு இணையான பராமரிப்பு வேறொன்று எனக்குத் தெரியாது.

ஸ்பார்க் பிளக்குகள்

நான்கு சிலிண்டருக்கு எட்டு பிளக்குகள். 100எல்எல் பெட்ரோலில் ஈயம் இருப்பதால், கீழ்ப்புறப் பிளக்குகளில் சிறு மணிகளாக அது படியும். கூர்முனையால் மெதுவாக நெம்பி எடுத்துச் சுத்தம் செய்து, இடைவெளியை அளந்து, மேலே இருந்ததைக் கீழேயும் கீழே இருந்ததை மேலேயும் மாற்றி, 1-3-2-4 என்ற எரியூட்டு வரிசையில் அடுத்த சிலிண்டருக்கு நகர்த்துங்கள். முனைகள் சமமாகத் தேயும். மின்தடை 5,000 ஓமுக்கு மேல் காட்டும் பிளக் வேண்டாம். கீழே விழுந்த பிளக்கையும் தயங்காமல் குப்பையில் போட்டுவிடுங்கள். உள்ளே பீங்கான் விரிசல் விட்டிருந்தால் வெளியே தெரியாது. செம்பு வாஷர் புதிதாக இருக்கட்டும். இறுக்கம் 35 அடி-பவுண்டு.

இருக்கைத் தண்டவாளம்

எஞ்சினைக் கவனிக்கும் அளவுக்கு இதை யாரும் கவனிப்பதில்லை. செஸ்னாவின் முன் இருக்கை ஒரு தண்டவாளத்தின்மேல் நகர்ந்து, துளைக்குள் இறங்கும் ஊசியால் பூட்டிக்கொள்கிறது. ஆண்டுகள் ஆக ஆகத் துளை நீள்வட்டமாகத் தேய்ந்து, ஊசியும் தேய்ந்து, மூக்கு தூக்கி ஏறும் நேரத்தில் பூட்டு விட்டால், இருக்கை பின்னோக்கி ஓடும். கையில் இருக்கும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே விமானி பின்னால் போவார். மூக்கு மேலும் ஏறும். இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. எஃப்ஏஏ பிறப்பித்த 2011-10-09 எண்ணுள்ள கட்டாய ஆணை, இத்தண்டவாளத்தையும் ஊசியையும் உருளைகளையும் திரும்பத் திரும்ப அளந்து பார்க்கச் சொல்கிறது. ஆண்டுச் சோதனையில் மெக்கானிக் அளக்கும்போது அருகில் நின்று பாருங்கள். அதற்கு மேலும், ஒவ்வொரு முறை உட்கார்ந்ததும் இருக்கையை முன்னும் பின்னும் உலுக்கி, ஊசி இறங்கியிருப்பதை உறுதிசெய்யுங்கள்.

அதே சோதனையில் சிலிண்டர் அழுத்தமும் பார்ப்பார்கள். 80 பவுண்டு அழுத்தத்தில் காற்று கொடுத்தால் எத்தனை நிற்கிறது என்ற எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு போகாமல், காற்று எங்கே கசிகிறது என்றும் கேளுங்கள். சைலன்சர் குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங்.

மாற்றங்கள்

செஸ்னா 172 எந்த வடிவத்தில் அங்கீகரிக்கப்பட்டது என்பது 3ஏ12 என்ற வகைச் சான்றிதழில் இருக்கிறது. அதிலிருந்து பெரிதாக விலகும் எதற்கும் அங்கீகரிக்கப்பட்ட ஆவணம் வேண்டும்; பெரும்பாலும் அது எஸ்டிசி எனப்படும் துணை வகைச் சான்றிதழாக இருக்கும். அந்தச் சான்றிதழை வைத்திருப்பவரிடமிருந்து உங்கள் விமானத்துக்கென்று எழுத்து மூலமான அனுமதியும் தேவை. வேலை முடிந்ததும் 337 என்ற படிவம் இரு பிரதிகளாக நிரப்பப்பட்டு, ஒன்று உங்களிடமும் மற்றொன்று எஃப்ஏஏவிடமும் சேர வேண்டும். ஒரு எஸ்டிசி இன்னொன்றோடு ஒத்துப்போகுமா என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு பொருத்துபவருடையது. இறக்கை விளிம்பை மாற்றும் பொருளையும், எஞ்சினை மாற்றும் பொருளையும் சேர்த்து வாங்கும்முன் அவரிடம் பேசிவிடுங்கள்.

நான் இந்த விமானத்தை வாங்கியபோது கூரையில் ஓர் ஆன்டெனா இருந்தது; அதற்கான ஒரு வரி கூட லாக்புக்கில் இல்லை. விற்றவருக்கும் தெரியவில்லை. தகட்டைத் திறந்து, உள்ளே வலுவூட்டல் இருக்கிறதா என்று பார்த்து, காகிதம் உருவாக்கி முடிக்க இரண்டு மாதம் விமானம் தரையில் கிடந்தது. வாங்குமுன், ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்ஏஏ பதிவகத்திலிருந்து அந்த விமானத்தின் முழுக் கோப்பையும் வரவழைத்து, 337 படிவங்களை ஒவ்வொன்றாக விமானத்தோடு ஒப்பிட்டிருக்க வேண்டும்.

எதை முதலில் மாற்றுவது என்று கேட்டால், தோள் பட்டை என்பேன். இழுத்தால் நீண்டு, அதிர்ச்சியில் பூட்டிக்கொள்ளும் வகைத் தோள் பட்டை பழைய மாடல்கள் பலவற்றில் இல்லை. அதற்கு எஸ்டிசி கிடைக்கிறது. அடுத்தது, காற்றை உறிஞ்சும் வேக்குவம் பம்பை நம்பிச் சுழலும், விமானத்தின் சாய்வைக் காட்டும் பழைய செயற்கை அடிவானக் கருவியை எடுத்துவிட்டு, கார்மின் ஜி5 போன்ற மின்னணுக் கருவியைப் பொருத்துவது. வேக்குவம் பம்ப் முன்னறிவிப்பின்றி நின்றுவிடும். மேகத்துக்குள் இருக்கும்போது நின்றால் கருவி மெல்லச் சாய்ந்து பொய் சொல்லும். 180 குதிரைத்திறன் எஞ்சின் ஏற்றும் மாற்றம் உயரமான, வெப்பமான ஊர்களில் பெரிய நிம்மதி தரும். ஆனால் செலவு விமானத்தின் விலையோடு போட்டியிடும் என்பதால், இருக்கும் எஞ்சின் 2,000 மணியை நெருங்கி, முழுமையாகப் பிரித்துச் செப்பனிடும் காலம் வரும்வரை பொறுத்திருப்பது நல்லது. இருக்கை உறை நாமே தைத்துப் போடலாம். ஆனால் துணி தீப்பிடிக்காத தரத்தில் சோதிக்கப்பட்டதற்கான சான்று இல்லாமல் சாதாரணக் கடைத் துணியைப் போடக் கூடாது.

எந்த மாற்றமும் எடைக் கணக்கைத் தொடும். உதாரணமாக, வெற்று எடை 1,400 பவுண்டு, திருப்புத்திறன் (எடையைத் தொலைவால் பெருக்கியது) 54,000 அங்குல-பவுண்டு என்றால், எடைமையம் 38.57 அங்குலத்தில் இருக்கிறது. கருவிப் பலகையில், தொலைவை அளக்கத் தொடங்கும் புள்ளியிலிருந்து 15 அங்குலத்திலுள்ள 8 பவுண்டுப் பழைய ரேடியோவை எடுத்துவிட்டால், 120 கழிந்து 53,880, எடை 1,392, மையம் 38.71. முன்னால் இருந்த கனம் போனதால் மையம் பின்னே நகர்ந்திருக்கிறது. ஒரு ரேடியோவுக்கு இது அற்பம். ஐம்பது ஆண்டுகளில் பத்துப் பன்னிரண்டு மாற்றங்கள் கூடினால் அற்பமாக இராது. யாரும் கூட்டிப் பார்க்காமல் விட்ட விமானத்தை ஒருமுறை தராசில் ஏற்றி நிறுத்துவிடுவதே மேல்.

பறக்கும் தன்மையை உணரத்தக்க அளவுக்கு மாற்றிய வேலைக்குப் பின், தனியார் விமானி உரிமமாவது உள்ளவர் பறந்து சோதித்து லாக்புக்கில் எழுதும் வரை பயணிகளை ஏற்ற விதி இடந்தருவதில்லை. அந்த முதல் சுற்றை ஓடுதளத்தின் மேலேயே, எஞ்சின் நின்றாலும் மிதந்து வந்து இறங்கக்கூடிய தூரத்தை விட்டு விலகாமல் முடியுங்கள். இறங்கி, எஞ்சின் ஆறியபின் கவுலிங்கைக் கழற்றி, டார்ச் அடித்து, புதிதாகப் பூட்டிய ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள். எங்கும் ஈரமில்லை, எங்கும் உரசல் இல்லை என்றால், கவுலிங்கைப் பூட்டிவிட்டு லாக்புக்கை எடுங்கள்.