தாயகம் போகும்போது நிறுத்திவிட்டுப் போகும் காரும் அதன் பேட்டரியும்

ஐந்து, ஆறு வாரம் தாயகம் போய்த் திரும்பும்போது கார் ஸ்டார்ட் ஆகுமா ஆகாதா என்பது, கிளம்புவதற்கு முந்தைய இரண்டு நாளில் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. இரவு விமானத்தில் தூங்கி விழும் பிள்ளைகளோடு வந்து இறங்கி, மறுநாள் காலை வேலைக்குக் கிளம்ப வேண்டிய நிலையில் செத்த பேட்டரியோடு போராட வேண்டியதே இல்லை.

பூட்டி நிறுத்திய கார் முழுதாகத் தூங்குவதில்லை. அலாரம், சாவியின் சிக்னலுக்குக் காத்திருக்கும் ரிசீவர், உள்ளிருக்கும் சிறு கம்ப்யூட்டர்கள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும். பழுதில்லாத காரிலேயே இது பொதுவாக 20 முதல் 50 மில்லிஆம்பியர் வரை இருக்கும். 50 என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி (பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்பதைச் சொல்லும் அளவு), ஆறு வாரத்துக்கு 50 ஆம்பியர்-மணி. சாதாரணக் காரில் இருப்பது 60 ஆம்பியர்-மணி பேட்டரிதான். பள்ளிக்கும் கடைக்குமாகச் சின்னச் சின்ன ஓட்டம் மட்டுமே ஓடும் காரில் அது முழுதாக நிறைந்திருப்பதும் அரிது.

காலியாகிப் போவதை விட, காலியாகவே கிடப்பதுதான் பேட்டரிக்குப் பெரிய கெடுதல். சார்ஜ் இறங்கும்போது தகடுகளில் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் செய்தால் அது கரைந்துவிடும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் கெட்டியான படிகமாகி, பேட்டரி பழைய கொள்ளளவுக்குத் திரும்பாது. கடுங்குளிர் நாட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு: முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி எளிதில் உறையாது, ஆனால் காலியான பேட்டரிக்குள் இருக்கும் திரவம் பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழே போனாலே உறைந்து, கூட்டையே பிளந்துவிடும். உறைந்த பேட்டரியை ஒருபோதும் சார்ஜ் செய்யாதீர்கள்.

நம்மில் பலர் செய்வது, "வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி விடுங்க அண்ணா" என்று நண்பரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவது. நல்ல மனதோடு செய்கிற உதவிதான், ஆனால் பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓட விட்டால் பேட்டரி நிறையாது. எக்ஸாஸ்ட் குழாயில் ஈரம் சேர்வதுதான் மிச்சம். மூடிய கராஜுக்குள் ஓட விட்டால் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும். காப்பீடு இடம் கொடுத்தால் அரை மணி நேரம் சாலையில் ஓட்டிவரச் சொல்லுங்கள். இல்லையென்றால் சாவியைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பக்கத்தில் பிளக் பாயிண்ட் இருந்தால், மெல்ல மெல்ல மின்சாரம் ஏற்றும் டிரிக்கிள் சார்ஜர்தான் சரியான வழி. இதில் ஒன்றை மட்டும் கவனமாகப் பார்த்து வாங்குங்கள். பழைய பாணி டிரிக்கிள் சார்ஜர், பேட்டரி நிறைந்த பிறகும் ஒரே மாதிரி மின்சாரத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். வாரக்கணக்கில் அப்படி விட்டால் உள்ளே இருக்கும் நீர் வற்றும், ஹைட்ரஜன் வாயு வெளியேறும், தகடுகள் கெடும். உங்களுக்குத் தேவை மெயின்டெய்னர் வகை. அது பேட்டரியை 14.4 வோல்ட்டை ஒட்டி நிறைத்துவிட்டு, பிறகு தானாகவே 13.5 வோல்ட் அளவுக்கு இறங்கி, குறைவதை மட்டும் ஈடுகட்டும். பெட்டியில் தானியங்கி என்றோ, ஃப்ளோட் நிலை (நிறைந்த பிறகு இப்படி இறங்கி நிற்கும் நிலை) உண்டு என்றோ, மாதக்கணக்கில் இணைத்து வைக்கலாம் என்றோ எழுதியிருக்க வேண்டும். 1 ஆம்பியர் அளவுள்ள சின்ன சார்ஜரே போதும். பாதி காலியான பேட்டரியை அது நிறைக்க ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும் என்பதால் கடைசி நாள் மாலையில் மாட்டாமல் இரண்டு நாள் முன்பே மாட்டுங்கள். எல்லாம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கவும் அவகாசம் கிடைக்கும்.

பேட்டரியின் வகையையும் பாருங்கள். சிக்னலில் நின்றால் இன்ஜின் தானாக அணைந்து மறுபடி ஓடும் ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி உள்ள கார்களில் பெரும்பாலும், அதைத் தாங்கும்படி செய்யப்பட்ட ஏஜிஎம் (AGM) அல்லது ஈஎஃப்பி (EFB) வகை பேட்டரி இருக்கும். மேல் லேபிளிலேயே எழுதியிருக்கும், சார்ஜரில் அதற்குரிய நிலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கெட்டுப்போன பேட்டரியை மீட்பதற்கென்று சில சார்ஜர்களில் இருக்கும் ரீகண்டிஷன் என்ற பட்டனை, கார் பேட்டரியோடு இணைந்திருக்கும்போது தொடவே வேண்டாம். அதன் உயர் வோல்ட்டேஜ் காரின் எலக்ட்ரானிக்ஸைப் பாதிக்கலாம்.

மாட்டும் வரிசை இது: சார்ஜரின் பிளக் சுவரில் இல்லாதபோது, முதலில் சிவப்புக் கிளிப்பை பிளஸ் முனையில், அப்புறம் கறுப்புக் கிளிப்பை பேட்டரியிலிருந்து தள்ளி, பெயிண்ட் இல்லாத உலோகப் பகுதியில் அல்லது கார்க் கையேடு காட்டும் எர்த் புள்ளியில். கடைசியாகத்தான் சுவர் பிளக். கழற்றும்போது இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். கறுப்பைத் தள்ளி மாட்டச் சொல்வதற்குக் காரணங்கள் உண்டு. பேட்டரியின் மேல் வாயு தேங்கியிருந்தால் அங்கே பொறி பறக்கக் கூடாது. தவிர, பல புதிய கார்களில் மைனஸ் முனையில் சார்ஜைக் கணக்கெடுக்கும் சென்சார் இருக்கிறது. கிளிப்பை அந்த முனையிலேயே போட்டால் உள்ளே போன சார்ஜ் அதன் கணக்கில் ஏறாது.

கிளிப்புக்குப் பதிலாக, பியூஸோடு வரும் வளைய இணைப்பு வயரை நிரந்தரமாகப் பொருத்திவிடுவதுதான் எனக்குப் பிடித்த முறை. நழுவி விழுமோ என்ற பயம் இல்லை. அடுத்த முறை செருகினால் முடிந்தது. வயர் பானட்டின் ஓரத்தில் நசுங்காமல் வரட்டும். எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளாக விடாமல் முழுதாக விரித்து, மழை படாத இடத்தில் வையுங்கள். சார்ஜர் காற்றோட்டமான தரையில் இருக்கட்டும், போர்வையோ அட்டைப்பெட்டியோ அதன் மேல் வேண்டாம்.

தெருவிலோ அடுக்குமாடியின் கீழ்த்தளத்திலோ நிறுத்துபவர்களுக்கு பிளக் பாயிண்ட் கிடைக்காது. வெயில் படும் இடமென்றால் சிறிய சூரியத் தகடு உதவும். ஆனால் இன்ஜினை அணைத்ததும் உயிரில்லாமல் போகும் லைட்டர் சாக்கெட்டில் அதைச் செருகிப் பயனில்லை, நேராக பேட்டரிக்கு இணைக்க வேண்டும். கீழ்த்தளமென்றால் முழுதாக சார்ஜ் செய்துவிட்டு மைனஸ் வயரைக் கழற்றிவிடலாம். முதலில் கையேட்டைப் படியுங்கள்: அலாரம் வேலை செய்யாது, சில கார்களில் ரேடியோ கோட் கேட்கும், ஜன்னல்களுக்கு மறுபடி அமைவு செய்ய வேண்டியிருக்கும். பேட்டரி டிக்கிக்குள் இருந்தால், மின்சாரம் இல்லாமல் டிக்கியை எப்படித் திறப்பது என்று தெரிந்துகொண்டு கழற்றுங்கள். ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் உலோகச் சாவியையும் ஒருமுறை எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

எந்த வழியானாலும் டாஷ் கேமராவையும் கண்டறிதல் சாக்கெட்டில் (மெக்கானிக் காரின் பழுதைப் பார்க்கக் கருவி செருகும் ஓபிடி சாக்கெட்) செருகியிருக்கும் கருவிகளையும் பிடுங்கிவிடுங்கள். கீலெஸ் சாவியை காரிலிருந்து தள்ளி வையுங்கள், பக்கத்தில் இருந்தால் சில கார்கள் அடிக்கடி விழித்துக்கொள்ளும். பெரும்பாலான முழு மின்சாரக் கார்களிலும் தனியாக 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. அதற்கு நீண்ட நாள் நிறுத்துவது பற்றி உற்பத்தியாளர் சொல்வதை அப்படியே பின்பற்றுங்கள்.

தாயகத்து வீட்டில் வருடத்துக்கு ஒருமுறை ஓட்டுவதற்கென்றே கார் வைத்திருப்பவர்களுக்கும் இதே முறைதான். கூடுதலாக இரண்டு விஷயம். வெப்பத்தில் பேட்டரி தானாகவே வேகமாக இறங்கும். மின்தடை வந்து போனால் சில சார்ஜர்கள் தானாகத் தொடங்காமல் யாராவது பட்டனை அழுத்தும் வரை சும்மா இருக்கும். வாங்கும்போதே பிளக்கைப் பிடுங்கிச் செருகிச் சோதியுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம், எந்த நிற விளக்கு எரிய வேண்டும் என்பதை மட்டும் படம் எடுத்து அனுப்பிவிட்டால் போதும்.

திரும்பி வந்ததும், சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டரில் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. வாரக்கணக்கில் இணைத்திருந்தும் 12.4-ஐத் தொடவில்லை என்றால் பேட்டரியைச் சோதித்து மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஊருக்குக் கிளம்பும்போதே "சார்ஜர் வயர்" என்று ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங்கில் ஒட்டிவிட்டுப் போங்கள். தூக்கக் கலக்கத்தில் வயரோடு காரை நகர்த்தினால் சுவர் சாக்கெட்டே கையோடு வந்துவிடும்.