ஒரு எம்.பி.யின் வாழ்க்கையை எழுதுவது எப்படி: செனகலின் பிளேஸ் டியானை வைத்து

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் தமிழ் மீடியத்தில் படிக்கிற பிள்ளைகளிடம் வெளிநாட்டுத் தலைவர் ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னால், பிறந்தார், படித்தார், பதவி வகித்தார், இறந்தார் என்று நாலு பத்தியில் முடித்துவிடுகிறார்கள். மக்கள் பிரதிநிதியின் கதையை அப்படி எழுதாதீர்கள். அவர் எந்தச் சட்டத்துக்காக நின்றார், அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள், முதலில் இந்த இரண்டையும் தேடிப் பிடியுங்கள்.

பிளேஸ் டியான் 1872-இல், அப்போது பிரெஞ்சுக் காலனியாக இருந்த செனகலின் கோரே தீவில் பிறந்தவர், அப்பா சமையல்காரர். 1892-இல் பிரெஞ்சு சுங்கத்துறையில் சேர்ந்து தஹோமி (இன்றைய பெனின்), ரீயூனியன், மடகாஸ்கர், பிரெஞ்சு கயானா என்று மாற்றல் மேல் மாற்றல். இதை மூன்று வரிக்கு மேல் நீட்ட வேண்டாம்.

1914 தேர்தலுக்கு வந்ததும் நிதானமாக எழுதுங்கள். செனகல்காரர்கள் எல்லோருக்கும் அப்போது ஓட்டுரிமை இருக்கவில்லை. செயின்ட் லூயி, டக்கார், கோரே, ருஃபிஸ்க் என்ற நான்கு நகரத்துக்காரர்களுக்குத்தான். அந்த ஓட்டுகளை வைத்து, பதவியில் இருந்த எம்.பி. கார்ப்போவைத் தோற்கடித்து, பாரிஸ் நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் கறுப்பின ஆப்பிரிக்கர் ஆனார். நம் ஊர் வாசகருக்காக ஒரு வரி சேருங்கள்: மாஹேயும் புதுச்சேரியும் அடங்கிய பிரெஞ்சு இந்தியாவும் அதே சபைக்கு ஒரு பிரதிநிதியை அனுப்பிக்கொண்டிருந்தது.

1916-இல் அவர் கொண்டுவந்த சட்டம், அந்த நான்கு நகரத்தில் பிறந்தவர்களும் அவர்கள் வாரிசுகளும் பிரெஞ்சுக் குடிமக்களே, ராணுவக் கடமையும் உண்டு என்றது. முஸ்லிம்கள் தங்கள் தனிச்சட்டத்தை (திருமணம், வாரிசுரிமை போன்றவற்றுக்கான மதச் சட்டத்தை) விடாமலே குடிமக்களாக இருக்க முடிந்தது. புதுச்சேரியில் 1881 முதல், பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வர நினைத்தவர்கள் தங்கள் தனிச்சட்டத்தைத் துறந்ததாக எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. இந்த வித்தியாசத்தைக் காட்டினாலே டியான் சாதித்தது என்ன என்று பிள்ளைகளுக்கே விளங்கும்.

சரி, அடுத்த பத்தியிலேயே 1918-ஐ வையுங்கள், தள்ளிப்போடாதீர்கள். முதல் உலகப் போருக்கு ஆள் திரட்ட, பிரெஞ்சுப் பிரதமர் கிளெமென்சோ அவரை ஆள்சேர்ப்பு ஆணையராக மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்; 60,000-க்கும் மேற்பட்டோர் படையில் சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்த நான்கு நகரத்துக்கு வெளியே இருந்த கிராமத்தவர்கள், 1916 சட்டம் அவர்களைத் தொடவே இல்லை. நல்லவரா கெட்டவரா என்று அவசரமாகத் தீர்ப்பு எழுத வேண்டாம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். என்னைக் கேட்டால் அவர் வாழ்க்கையின் மையமே இதுதான், டக்கார் விமான நிலையத்துக்கு அவர் பெயர் வைத்த செய்தியெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

மற்றதை வேகமாகக் கடந்துவிடலாம்: டக்கார் மேயர், 1931-இல் காலனித் துறைத் துணை அமைச்சர், 1934-இல் மரணம், அதுவரைக்கும் எம்.பி. விளையாட்டுப் பிரியர்களுக்காக மகன் ராவுலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரான்ஸ் கால்பந்து அணியில் ஆடிய முதல் கறுப்பினத்தவர், 1938 உலகக் கோப்பையிலும் ஆடியவர்.

தேதிகளைப் பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள், பழைய உறுப்பினர்களின் குறிப்பு அங்கே இருக்கிறது. மொழி தெரியாவிட்டால் போனிலேயே மொழிபெயர்த்துப் படிக்கலாம்.