சிறிய கச்சேரிக்கு ஏற்ற ஒலியமைப்பைக் குறைந்த செலவில் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஒரு குரலும் ஒரு கிதாரும், அல்லது வயலினும் புல்லாங்குழலும் ஒரு தோல் வாத்தியமும் என இரண்டு மூன்று பேர் சேர்ந்து, ஐம்பது அறுபது பேர் அமர்ந்து கேட்கும் இடத்தில் வாசிப்பதற்காக ஒலியமைப்பு வாங்க நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது பெரும்பாலும் ஸ்பீக்கரில் அச்சிடப்பட்டிருக்கும் வாட் எண்ணைத்தான். அந்த எண்ணை மட்டும் நம்பி முடிவெடுத்தால் பணம் தவறான இடத்துக்குப் போய்விடும். ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி மைக்கினுள் புகுந்து, பெருகி, திரும்பவும் ஸ்பீக்கர் வழியே வெளிவரும் சுழற்சி தொடங்கியதும் மைக் ஊளையிடுகிறது. அதற்குப் பிறகு எத்தனை வாட் கையிருப்பில் இருந்தாலும் வால்யூமைச் சிறிதும் கூட்ட முடியாது. சிறிய இசை நிகழ்ச்சிகளில் நம்மைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் இந்த எல்லைதான். ஆகவே மைக், பிக்கப் (வாத்தியத்தின் அதிர்வை மின் சமிக்ஞையாக மாற்றும் கருவி), அவை இருக்கும் இடம் ஆகியவற்றை முதலில் தீர்மானித்துவிட்டு, ஸ்பீக்கரை அதற்குப் பிறகு தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

இதற்குப் பின்னால் உள்ள கணக்கு எளிமையானது. வாட்டை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடுகிறது. காதுக்கு இருமடங்கு உரத்ததாகத் தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் தேவைப்படும். ஆனால் பாடுபவரின் வாய்க்கும் மைக்குக்கும் இடையில் உள்ள தூரத்தைப் பாதியாகக் குறைத்தாலே மைக்கை எட்டும் குரல் 6 டெசிபல் கூடிவிடும். 60 சென்டிமீட்டர் தள்ளி நின்று பாடுபவர் 15 சென்டிமீட்டருக்கு நெருங்கி வந்தால் 12 டெசிபல் கிடைக்கிறது. அதே உயர்வை ஆம்பிளிஃபயரிலிருந்து பெறுவதற்குப் பதினாறு மடங்கு வாட் வேண்டும். அப்படி வாங்கினாலும் மைக் ஊளையிடுவதால் அதைப் பயன்படுத்தவே முடியாது.

வாட்டுக்குப் பதிலாக, விவரக்குறிப்பில் ஒரு மீட்டர் தூரத்துக்கான அதிகபட்ச ஒலி அளவு டெசிபலில் எவ்வளவு என்று பாருங்கள். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும் என்பதால், ஒரு மீட்டரில் 110 டெசிபல் தரும் ஸ்பீக்கர் எட்டு மீட்டரில் 92 டெசிபல் தரும். அந்த எண் பெரும்பாலும் கணநேர உச்சத்தைக் குறிப்பது. இசையின் சராசரி அதைவிட 10 முதல் 15 டெசிபல் வரை தாழ்ந்தே இருக்கும். அப்படிக் கழித்துப் பார்த்தாலும் பின்வரிசைக்கு ஏறத்தாழ 80 டெசிபல் போய்ச் சேருகிறது. அமைதியாக அமர்ந்து கேட்கும் கூட்டத்துக்கு அது தாராளம்.

எந்த வகையை வாங்குவது

தனியாகப் பாடி வாசிப்பவருக்கு, மைக்குக்கு ஒன்றும் வாத்தியத்துக்கு ஒன்றுமாக இரண்டு சேனல்கள் உள்ள அக்கூஸ்டிக் ஆம்ப் (வாத்தியத்தின் இயல்பான ஒலிக்கென அமைந்த, ஸ்பீக்கரும் சேர்ந்த ஆம்பிளிஃபயர்) போதும். வெளியிடங்களில் மின்சார இணைப்பு கிடைக்காதவர்களுக்கு, பல ஒலிகளைக் கலக்கும் சிறிய மிக்சரும் பேட்டரியும் உள்ளடங்கிய 6 அல்லது 8 அங்குல ஸ்பீக்கர் கொண்ட பெட்டி வசதியானது. குழுவில் மூன்று நான்கு பேர் இருந்தால், 8 அல்லது 10 அங்குல வூஃபர் (கீழ்ச்சுரங்களுக்கான ஸ்பீக்கர்) கொண்ட, ஆம்பிளிஃபயர் உள்ளடங்கிய ஆக்டிவ் ஸ்பீக்கரையும் தனியாக ஒரு சிறு மிக்சரையும் வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன். ஒன்று பழுதானாலும் மற்றொன்று வீணாகாது, பின்னாளில் ஒவ்வொன்றாக மேம்படுத்தவும் முடியும். 2003-ஆம் ஆண்டில் போஸ் நிறுவனம் எல்1 வரிசையை வெளியிட்ட பிறகு பரவலான தூண் வடிவ ஸ்பீக்கர்கள் பக்கவாட்டில் அகலமாகவும் மேலும் கீழும் குறுகலாகவும் ஒலியைப் பரப்புவதால் அறை முழுவதும் சீராகக் கேட்கும். ஆனால் விலை குறைந்த குட்டைத் தூண்களில் இந்த நன்மை உயர்ந்த சுரங்களோடு நின்றுவிடுகிறது என்பதால், பெயருக்காக மட்டும் அவற்றை வாங்க வேண்டியதில்லை.

கொண்டாட்டங்களில் பாட்டு ஒலிக்கச் செய்வதற்கென விற்கப்படும் ப்ளூடூத் ஸ்பீக்கர்களை இந்த வேலைக்கு வாங்க வேண்டாம். அவற்றில் பாஸ் செயற்கையாகக் கூட்டப்பட்டிருக்கும். அது ஊளைக்கு வழி திறந்துவிடும். ப்ளூடூத் வழியே வரும் ஒலி சற்றுத் தாமதமாகவே ஸ்பீக்கரை எட்டும் என்பதால், நேரடி வாசிப்பை அதன் வழியே அனுப்பவும் இயலாது.

வகை எதுவானாலும் பெட்டியின் பின்புறத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். எக்ஸ்எல்ஆர் எனும் மூன்று முனை மைக் உள்ளீடு ஒன்றாவது இருக்க வேண்டும். இயங்குவதற்கு மின்சாரம் தேவைப்படும் கண்டென்சர் மைக்கைப் பயன்படுத்த எண்ணமிருந்தால், மைக் கேபிள் வழியே அதற்குப் போகும் 48 வோல்ட் ஃபான்டம் மின்சாரமும் வேண்டும். வாத்திய உள்ளீடு இதைவிட முக்கியமானது. அதிர்வின் அழுத்தத்தை மின்சாரமாக்கும் பியெசோ பிக்கப்பை 10 கிலோஓம் அளவிலான சாதாரண லைன் உள்ளீட்டில் நேரடியாகச் செருகினால் கீழ்ச்சுரங்கள் காணாமல் போய், நல்ல கிதார்கூடத் தகரம்போல் மெலிந்து ஒலிக்கும். அதற்கு ஏறத்தாழ 1 மெகாஓம் மின்தடை உள்ள உள்ளீடோ, வாத்தியத்திலேயே பேட்டரியில் இயங்கும் ப்ரீஆம்போ, இல்லையென்றால் வாத்தியத்தின் சமிக்ஞையை மைக் உள்ளீட்டுக்கு ஏற்றதாக மாற்றும், அதற்கேற்ற ஆக்டிவ் டிஐ பெட்டியோ தேவை. வாத்தியத்தின் ஒலி சரியில்லை என்று ஸ்பீக்கரை மாற்றுபவர்கள் முதலில் சரிபார்க்க வேண்டிய இடம் இதுதான்.

பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று அட்டையில் இருப்பது பெரும்பாலும் மிதமான வால்யூமுக்கான கணக்கு. உங்கள் வழக்கமான அளவில் வாசித்து ஒருமுறை சோதித்துப் பாருங்கள். சார்ஜ் ஏறும்போதே வாசிக்க முடியுமா, பேட்டரியைக் கழற்றி மாற்ற முடியுமா என்பதையும் கேட்டறியுங்கள்.

மைக்கைப் பொறுத்தவரை, குரலுக்கு ஒரு கார்டியாய்ட் (முக்கியமாக முன்பக்க ஒலியைப் பிடிக்கும்) டைனமிக் (தனி மின்சாரம் தேவைப்படாத) மைக் போதும். 1966-இல் வந்த ஷூர் எஸ்எம்58 இன்றுவரை மேடைகளில் நிலைத்திருப்பது அதன் உறுதியாலும், பின்புறத்திலிருந்து வரும் ஒலியை அது நன்றாகத் தடுப்பதாலும்தான். அதே வகையில் விலை குறைந்தவையும் கிடைக்கின்றன. கார்டியாய்ட் மைக்குக்கு நேர் பின்னால் காது கேட்காது என்று கொள்ளலாம்; ஆகவே பாடுபவர் தன் குரலைக் கேட்பதற்கான மானிட்டர் ஸ்பீக்கர் அங்கேதான் இருக்க வேண்டும். முன்பக்கத்தை இன்னும் குறுகலாகப் பிடிக்கும் சூப்பர்கார்டியாய்ட் மைக்கில் அந்தச் செவிட்டுப் பகுதி பின்புறத்தின் இரு ஓரங்களிலும், முன்பக்கத்திலிருந்து ஏறத்தாழ 125 பாகையில் அமைகிறது. வாங்கியது எந்த வகை என்று தெரியாமல் மானிட்டரை வைத்தால் அந்த மைக்குக்கான செலவு வீணாகும்.

திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம் ஊளைக்கு முன் கிடைக்கும் இடைவெளி 3 டெசிபல் குறைகிறது என்பதால், தேவையற்ற மைக்கை மூடி வையுங்கள். இரண்டு மைக்குகளுக்கு இடையிலான தூரம், ஒரு மைக்குக்கும் அதன் வாத்தியத்துக்கும் உள்ள தூரத்தைப் போல் மூன்று மடங்காவது இருக்கட்டும். அமெரிக்க நாட்டுப்புற இசை வகையான புளூகிராஸை வாசிக்கும் குழுக்கள் ஒரே கண்டென்சர் மைக்கைச் சூழ்ந்து நின்று, தனி வாசிப்பு வரும்போது முறைவைத்து நெருங்கியும் விலகியும் வாசிப்பார்கள். அமைதியான அறையில் இதைவிட இயல்பான ஒலிக்கலவை கிடைப்பது அரிது. இரைச்சலான இடத்துக்கு மட்டும் அது பொருந்தாது.

நிறுத்துவதும் சீர்செய்வதும்

ஒரே ஸ்பீக்கர் இருந்தால் அதை வாசிப்பவர்களுக்கு ஓரடி இரண்டடி முன்னால், ஒரு பக்கமாக, கூட்டத்தை நோக்கித் திருப்பி வையுங்கள். தரையில் வைத்தால் பாஸ் மிகுந்து, மேல்ச்சுரங்கள் முதல் வரிசையிலேயே அடங்கிவிடும். ஸ்டாண்டில் ஏற்றி, அமர்ந்திருப்பவர்களின் தலைகளுக்கு மேலே ட்வீட்டர் (மேல்ச்சுரங்களுக்கான சிறு ஸ்பீக்கர்) வரும்படி செய்ய வேண்டும். இதற்காகவே பல பெட்டிகளின் அடியில் 35 மில்லிமீட்டர் துளை இருக்கிறது. வாங்கும்போது அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மூலையில் தள்ளி வைத்தால் சுவர்கள் சேர்ந்து கீழ்ச்சுரங்களைக் குமுறச் செய்யும்.

எல்லாக் கேபிள்களையும் செருகிய பிறகே ஸ்பீக்கரை இயக்க வேண்டும். முடிக்கும்போது முதலில் அணைக்க வேண்டியதும் அதுவே. பாடுபவரை அவருடைய மிக உரத்த இடத்தைப் பாடச் சொல்லி, எச்சரிக்கை விளக்கு எப்போதாவது மட்டும் மின்னும் அளவுக்குக் கெய்னை (உள்ளீட்டின் பெருக்கத்தை) வையுங்கள். குரல் மைக்கில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் லோ கட் பொத்தான் இருந்தால் அழுத்திவிடலாம். மேடையின் அதிர்வும் காற்றின் உறுமலும் அதோடு போய்விடும். கிதாரின் உடல் 100 ஹெர்ட்ஸ் அருகே தானாகவே முழங்கக்கூடியது. ஊளை அங்கிருந்து எழுந்தால் பாஸைக் குறையுங்கள், ஒலியலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் (phase) பொத்தானை அழுத்திப் பாருங்கள், கிதாரின் துளையை ரப்பர் மூடியால் அடைத்துப் பாருங்கள். பிறகு வால்யூமை மெல்ல ஏற்றி, ஊளை தொடங்கும் புள்ளியைக் கண்டறிந்து, அந்த அதிர்வெண்ணை மட்டும் ஈக்வலைசரில் சற்றுத் தாழ்த்தி, அங்கிருந்து 6 டெசிபல் கீழே வைத்து நிகழ்ச்சியைத் தொடங்குங்கள்.

கிதார் கேபிள் 6 மீட்டருக்கு மேல் நீள வேண்டாம். அதைவிடத் தூரம் போக வேண்டுமென்றால் டிஐ பெட்டி வழியே எக்ஸ்எல்ஆர் கேபிளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இரைச்சலான முனகல் கேட்டால் எல்லாக் கருவிகளையும் ஒரே மின் இணைப்பில் செருகிப் பாருங்கள். முனகலை நிறுத்துவதற்காக பிளக்கின் எர்த் முனையை ஒருபோதும் நீக்கக் கூடாது. மைக்கில் உதடு படும் பாடகரின் உயிருக்கே அது ஆபத்து.

பயன்படுத்திய கருவியாக இருந்தால் பாதி விலையிலும் நல்ல அமைப்பைச் சேர்த்துவிடலாம், ஆனால் சொந்த வாத்தியத்தையும் மைக்கையும் கேபிளையும் எடுத்துச் சென்று சோதிக்க வேண்டும். ஒவ்வொரு உள்ளீட்டிலும் செருகி, ஒவ்வொரு குமிழையும் முழுவதுமாகத் திருப்பிக் கரகரப்பு வருகிறதா என்று கேளுங்கள். தாழ்ந்த சுரம் ஒன்றை நீட்டி வாசித்து வூஃபர் நடுங்குகிறதா என்று கவனியுங்கள். பேட்டரி உள்ளதென்றால் மின் இணைப்பைக் கழற்றிவிட்டு அரை மணி நேரமாவது உரக்க வாசித்துப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.