நம்ம ஊர் முனிசிபாலிட்டி தண்ணியோட கதையைத் தோண்டி எடுக்கிறது எப்படி

எங்க ஊர் சின்ன முனிசிபாலிட்டி, தெக்கத்திப் பக்கம், பேரு வேண்டாம். ஒரு கோடைல தொடர்ந்து ஒன்பது நாள் தண்ணி வரல. ஒரு ஆபீஸ்ல போய்க் கேட்டா இன்னொரு ஆபீஸைக் கைகாட்டினாங்க, அங்க போனா இவங்களையே திருப்பிக் காட்டினாங்க. அன்னைக்குத்தான் உறைச்சுது, நம்ம வீட்டுக் குழாய்க்குப் பின்னாடி யார் யார் இருக்காங்கன்னே தெரியாம நாப்பது வருசமா தண்ணி புடிச்சுக்கிட்டு இருக்கோம்னு. அப்புறம் ஒரு மூணு மாசம் அலைஞ்சு கத்துக்கிட்டதை எழுதுறேன், உங்க ஊருக்கும் இதே வழி சரியா வரும்.

முதல் விசயம், ஆத்துலேருந்து ஆரம்பிக்காதீங்க. உங்க வீட்டுக் குழாய்லேருந்து பின்னாடியே நடங்க.

தண்ணி வர்ற அன்னைக்கு ஒரு பக்கெட்டும் போன்ல ஸ்டாப்வாட்சும் போதும். 15 லிட்டர் பக்கெட் ஒன்றரை நிமிசத்துல நிறைஞ்சா நிமிசத்துக்கு 10 லிட்டர், ஒரு மணி நேரம் விட்டா 600 லிட்டர். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை வருது, வீட்ல நாலு பேர்னா ஆளுக்கு ஒரு நாளைக்கு 75 லிட்டர். மத்திய அரசோட 1999 குடிநீர் கையேட்டுல பாதாள சாக்கடை இருக்கிற ஊருக்கு ஆளுக்கு 135 லிட்டர், இல்லாத ஊருக்கு 70 லிட்டர்னு கணக்கு வச்சிருந்தாங்க. இந்த ஒரு நம்பரை கையில வச்சுக்கிட்டுப் பேசினா ஜே.இ. (இளநிலைப் பொறியாளர்) கூட நிமிர்ந்து உக்காந்துதான் பதில் சொல்வாரு, "தண்ணி சரியா வரல சார்"னு சொன்னா யாரும் காதுல போட்டுக்க மாட்டாங்க.

அடுத்தது வால்வு திறக்கிற அண்ணாச்சி. ஊருக்கு ஊர் பேரு மாறும், ஃபிட்டர்ம்பாங்க, டேங்க் ஆபரேட்டர்ம்பாங்க. காலைல அஞ்சு மணிக்கு சைக்கிள்ல நீளமா இரும்புச் சாவியைக் கட்டிக்கிட்டுப் போவாருல்ல, அவருதான். எங்க ஊர்ல அவரு தெருமுனைல சிமெண்ட் மூடியைக் கம்பியால நெம்பித் தூக்கிட்டு, சாவியை உள்ள விட்டு எத்தனை சுத்து சுத்துறாருன்னு எண்ணிக்கிட்டே திறப்பாரு. நான் கேட்டதுக்கு, "முழுசாத் திறந்தா பள்ளத்தெரு வாங்கிக்கும் தம்பி, மேட்டுத்தெருவுக்கு ஒரு சொட்டு ஏறாது"ன்னாரு. எந்தத் தெருவுக்கு எத்தனை சுத்துங்கிறது எந்த பைல்லயும் கிடையாது, அவரு தலையிலதான் இருக்கு, அவரு ரிட்டயர் ஆனா அந்த வாரம் ஊரே தள்ளாடும். அதனால ஒரு டீ வாங்கிக் கொடுத்து, எந்த வால்வு எந்தத் தெருவுக்கு, எந்த டேங்க்லேருந்து, எத்தனை மணிக்குன்னு ஒரு பேப்பர்ல படமாப் போட்டு வாங்கிக்கோங்க. மூணு மாசத்துல எனக்குக் கிடைச்சதுல உருப்படியான ஆவணம்னா இந்தப் படம்தான்.

படத்தைப் புடிச்சுக்கிட்டே மேல்நிலைத் தொட்டிக்குப் போங்க. உடம்புலயே எத்தனை லட்சம் லிட்டர்னு பெயிண்ட்ல எழுதியிருப்பாங்க. உயரத்தையும் பாருங்க, தண்ணி மட்டம் 10 மீட்டர் உசந்தா கிட்டத்தட்ட ஒரு கிலோ பிரஷர், அவ்வளவுதான் கணக்கு, ரெண்டாவது மாடிக்கு ஏன் ஏறலைன்னு அங்கேயே புரிஞ்சிரும். ஊர்ல 40,000 பேர்னு வைங்க, 135 வீதம் நாளைக்கு 54 லட்சம் லிட்டர் வேணும், இதை ஆபீஸ் பாசைல 5.4 எம்.எல்.டி.ம்பாங்க, அதாவது நாளைக்கு 5.4 மில்லியன் லிட்டர். எல்லாத் தொட்டியோட கொள்ளளவையும் கூட்டி, ஒவ்வொண்ணும் நாளைக்கு எத்தனை தடவை நிறையுதுன்னு அங்க இருக்கிறவர்கிட்ட கேட்டுப் பெருக்கிப் பாருங்க, ஒருநாள் விட்டு ஒருநாள் ஏன் வருதுங்கிறதுக்கு பதில் அந்தக் கணக்குலயே இருக்கும்.

தொட்டிக்கு முந்தி தரைமட்ட சம்ப், அதுக்கு முந்தி பெரிய குழாய், அதுக்கும் முந்தி ஆத்துக்குள்ள தலைமை நீரேற்று நிலையம். ஒரு தடவையாவது போய்ப் பாத்துட்டு வாங்க. ஆத்து மணலுக்குள்ள வட்டமா கிணறு எறக்கி, சுத்தி ஓட்டை போட்ட குழாயைப் படுக்க வச்சிருப்பாங்க, மணல் வழியா ஊறி வர்ற தண்ணி அதுலயே பாதி சுத்தமாயிரும். பல ஊர்ல இதுக்கு மேல குளோரின் மட்டும்தான், தனியா வடிகட்டி நிலையம் கிடையாது. அதனாலதான் மணலை அள்ளிட்டுப் போனா கிணத்துல ஊத்தும் குறையும், வர்ற தண்ணியும் கலங்கும். மணல்தான் நம்ம ஃபில்டர், அதைத்தான் லாரில ஏத்தி வித்துட்டு வீட்ல ஆர்.ஓ. மெஷின் மாட்டியிருக்கோம், சரி அது வேற கதை.

இப்ப யார் பொறுப்புங்கிற விசயம். இதுக்குக் கொஞ்சம் வரலாறு வேணும், இல்லாட்டி என்னைய மாதிரி ரெண்டு ஆபீஸ் நடுவுல பந்து மாதிரி உருளணும். 1865-ல மெட்ராஸ் மாகாணத்துல நகர மேம்பாட்டுச் சட்டம் வந்துச்சு, அடுத்த வருசம் 1866-ல கும்பகோணம், மதுரை, தூத்துக்குடின்னு வரிசையா முனிசிபாலிட்டி ஆனாங்க. அப்புறம் 1884 சட்டம், 1920 சட்டம், இப்ப 1998-ல எழுதின நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் 2023-லதான் நடைமுறைக்கு வந்திருக்கு. ஆனா முனிசிபாலிட்டி வந்ததும் குழாய் வந்துரல. சென்னைக்கே 1872-லதான் செங்குன்றம் ஏரித் தண்ணி வந்துச்சு, அதுவும் வடிகட்டாம, கீழ்ப்பாக்கத்துல மணல் வடிகட்டி 1914-லதான்.

சின்ன ஊர்ல இதை இழுத்துட்டு வந்தது பெரும்பாலும் அந்தந்த ஊர்ச் சேர்மன்கள்தான். தூத்துக்குடியை எடுத்துக்கோங்க, கடல் ஓரம், எங்க தோண்டினாலும் உப்பு. அங்க சேர்மனா இருந்த குரூஸ் பர்னாந்து விடாப்பிடியா நின்னு வல்லநாட்டுலேருந்து தாமிரபரணித் தண்ணியைக் குழாய்ல ஊருக்குக் கொண்டாந்தாரு, 1920-கள்ல. இன்னைக்கும் அங்க பெரியவங்க அவரு பேரைச் சொன்னா தண்ணியைத்தான் சேர்த்துச் சொல்வாங்க. உங்க ஊர்லயும் இப்படி ஒருத்தரு இருந்திருப்பாரு, எண்பது வயசுக்காரங்ககிட்ட "குழாயடி எப்ப வந்துச்சு, அதுக்கு முந்தி எங்க போய்த் தண்ணி எடுத்தீங்க"ன்னு கேளுங்க, வருசம் சொல்லத் தெரியாட்டியும் "எனக்குக் கல்யாணமான மறுவருசம்"னு கரெக்டா சொல்லிருவாங்க.

1971-ல குடிநீர் வடிகால் வாரியம் வந்துச்சு. அதுலேருந்து சென்னையைத் தாண்டி மத்த ஊர்கள்ல பெரும்பாலும் திட்டத்தை வாரியம் கட்டும், கட்டி முடிச்சு ஒப்படைச்சா முனிசிபாலிட்டி நடத்தும். பல ஊருக்கு ஒரே குழாய்ல போற கூட்டுக் குடிநீர்த் திட்டம்னா ஆத்துலேருந்து ஊர் எல்லைத் தொட்டி வரைக்கும் வாரியமே நடத்தி, தண்ணியை முனிசிபாலிட்டிக்கு அளந்து விக்கும். அதாவது தொட்டிக்கே தண்ணி வரலைன்னா ஒரு ஆபீஸ், தொட்டில தண்ணி இருந்தும் தெருவுக்கு வரலைன்னா இன்னொரு ஆபீஸ். புகார் எழுதுறதுக்கு முந்தி டேங்க் ஆபரேட்டருக்கு ஒரு போன் போட்டு, தொட்டில எத்தனை அடி நிக்குதுன்னு கேட்டுக்கோங்க, பாதி அலைச்சல் மிச்சம்.

தண்ணியோட தரத்தையும் பாத்துக்கோங்க. குழாய் முனைல லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்கணும். கடைல சின்ன குளோரின் கிட் கிடைக்கும், ரெண்டு சொட்டு விட்டா மஞ்சள் வரணும், வெள்ளையாவே நின்னா வால்வு அண்ணாச்சிக்கு உடனே சொல்லுங்க. வாரியத்துக்கு மாவட்டத்துக்கு ஒரு லேப் இருக்கு, கட்டணம் கட்டினா டெஸ்ட் பண்ணித் தருவாங்க. இன்னொண்ணு, தயவுசெஞ்சு குழாய்ல நேரா மோட்டாரை மாட்டி உறிஞ்சாதீங்க. ஒருநாள் விட்டு ஒருநாள் வர்ற குழாய் மிச்ச நேரமெல்லாம் காலியாக் கிடக்கு, நீங்க உறிஞ்சினா பழைய ஜாயிண்ட் வழியா பக்கத்துச் சாக்கடையையும் சேர்த்துத்தான் இழுக்கும், மஞ்சக்காமாலை வந்தப்புறம் முனிசிபாலிட்டியைத் திட்டிப் பிரயோசனம் இல்ல. எங்க தெருவுலயே நாலு வீட்ல மாட்டியிருக்காங்க, சொன்னா சண்டைக்கு வர்றாங்க.

கடைசியா காகிதம். தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்க, 30 நாள்ல பதில் தரணும். "தண்ணி ஏன் வரல"ன்னு கேக்காதீங்க, அது கேள்வி இல்ல, புலம்பல். ஆவணமாக் கேளுங்க: போன வருசம் மாதவாரியா வந்த தண்ணி அளவு, நீரேற்று நிலைய கரண்ட் பில், வசூலான குடிநீர்க் கட்டணம், இணைப்பு எத்தனை, தொட்டி கழுவின தேதிப் பதிவேடு. கரண்ட் பில்லையும் வசூலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா சின்ன முனிசிபாலிட்டி ஏன் எப்பவும் மூச்சு வாங்குதுன்னு தெரியும். அந்தச் சட்டத்துலயே வேலையை நேர்ல பாக்கவும் மாதிரி எடுக்கவும் உரிமை இருக்கு, பல பேருக்குத் தெரியாது, அதையும் எழுதிக் கேளுங்க.

நான் கேட்ட ஒன்பது கேள்வில எட்டுக்கு பதில் வந்துச்சு. பழைய தொட்டி எந்த வருசம் கட்டினதுங்கிறதுக்கு மட்டும் "ஆவணம் இல்லை"ன்னு ஒரே வரி. சரின்னு மறுபடி தொட்டிக்குப் போய் சுத்திச் சுத்திப் பாத்தா, படிக்கட்டுப் பக்கம் சுவர்ல ஒரு இடம் மட்டும் சதுரமா உள்வாங்கி இருந்துச்சு, வருசா வருசம் அடிச்ச சுண்ணாம்பு மொத்தமா ஏறிக் கிடந்துச்சு. ஈரத்துணியால ஊற வச்சு, தேங்காய் நாரால மெதுவாத் தேச்சோம், நானும் வால்வு அண்ணாச்சியும். எழுத்து தெரியலைன்னா கொஞ்சம் அரிசி மாவைத் தடவித் துடைங்க, வெட்டின பள்ளத்துல மாவு நின்னுக்கும், சாயங்கால வெயில் சாய்வா விழும்போது போட்டோ எடுங்க. 1958-ன்னு இருந்துச்சு. கீழ கவுன்சிலர் பேரெல்லாம் வரிசையா, அதுல ஆறாவது பேரு அண்ணாச்சியோட தாத்தாவாம், அவருக்கே அன்னைக்குத்தான் தெரியும்.